‘ஃபியூ’வா, ‘எ ஃபியூ’வா? இல்லாமையை ஆங்கிலத்தில் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட்டை நம்மவர்கள் கடைத்தெரு என்பார்கள். அங்கே ஒரு கடையின் மாடியில் வாரம் மூன்று மாலை ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் வருவார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறவர்களும் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்து, தாங்களும் பின்வரிசையில் உட்கார்ந்துவிடும் அம்மாக்களும் இருக்கிறார்கள். இத்தனை பேரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே விஷயம்தான்: ஒன்று இல்லை, பத்தவில்லை, கிடைக்காது, தீர்ந்துபோச்சு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சரியாகச் சொல்வது? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டுக்கும் ‘சில’ என்றுதானே அர்த்தம்? ஒரு ‘எ’ போனால் என்ன டீச்சர்?

அந்த ‘எ’ போனால் நன்றி புகாராகிவிடும். 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை நடந்தது. பினாங்கில் பல இடங்களில் நாலு நாள் தண்ணீர்த் தடை. முன்கூட்டியே அறிவித்திருந்ததால் எல்லாரும் வாளி, பீப்பாய், குண்டான் என்று நிரப்பி வைத்தோம். என் வகுப்புத் தம்பி ஒருவன் அடுக்குமாடியில் பதினொன்றாம் மாடியில் இருக்கிறான். வீட்டில் பாட்டி படுத்த படுக்கை. பிடித்து வைத்தது மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. கீழே தண்ணீர் லாரி வந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, எதிர்வீட்டுச் சீன அங்கிள், இன்னும் இரண்டு பேர் மாற்றி மாற்றி வாளி தூக்கி உதவியிருக்கிறார்கள். தண்ணீர் திரும்பிய அன்று இவன் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நன்றி எழுதினான்: ‘ஃபியூ நெய்பர்ஸ் ஹெல்ப்ட் அஸ். தேங்க் யூ.’

அவன் நினைத்தது, ‘அக்கம்பக்கத்தார் சிலர் உதவினார்கள்’. படித்தவர்களுக்குக் கிடைத்தது, ‘உதவிக்கு வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான்’. அந்த அங்கிள் அன்று இரவே கதவைத் தட்டி, இன்னும் யார் வந்திருக்க வேண்டும் என்று கேட்டாராம். மறுநாள் போனை என்னிடம் நீட்டியபோது பையனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஓர் எழுத்தைச் சேர்த்தோம், அவ்வளவுதான்: ‘எ ஃபியூ நெய்பர்ஸ் ஹெல்ப்ட் அஸ்.’ அங்கிளிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தான்.

இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றே, நாலு பேர். வந்த நாலு பேரைப் பார்த்துச் சொன்னால் ‘எ ஃபியூ’. வராத மீதிப் பேரைப் பார்த்துச் சொன்னால் ‘ஃபியூ’. நம் மொழியிலும் இந்த வித்தியாசம் இல்லாமல் இல்லை. ‘நாலு பேர் வந்தார்கள்’ என்பதற்கும் ‘நாலு பேர்தான் வந்தார்கள்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! நாம் ‘தான்’ என்ற வாலைச் சேர்த்துக் குறையைக் காட்டுகிறோம். ஆங்கிலக்காரர் முன்னால் நிற்கும் ‘எ’வை எடுத்துவிட்டுக் காட்டுகிறார். ஆகவே எழுதும் முன் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ‘சிலர்’ என்றால் ‘எ’ போடுங்கள். ‘சிலர்தான்’ அல்லது ‘சிலரே’ என்று வாயில் வந்தால் ‘எ’வை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: தனி ‘ஃபியூ’ கொஞ்சம் எழுத்து நடை. பேச்சில் ‘நாட் மெனி’ அல்லது ‘ஒன்லி எ ஃபியூ’ என்பதுதான் இயல்பு. ‘ஒன்லி எ ஃபியூ’வில் ‘எ’ இருந்தாலும் ‘ஒன்லி’ நம் ‘தான்’ வேலையைச் செய்துவிடுகிறது.

‘க்வைட் எ ஃபியூ’ என்றால் ரொம்பக் குறைவா?

இல்லை, நேர் எதிர். ‘க்வைட் எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்றால் எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகவே வந்தார்கள். ‘வெரி ஃபியூ’ என்றால்தான் ரொம்பக் குறைவு. இதற்குக் காரணம் தேட வேண்டாம், அப்படியே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

‘லிட்டில்’, ‘எ லிட்டில்’?

அதே கணக்கு. எண்ண முடிந்ததற்கு ஃபியூ, எண்ண முடியாததற்கு லிட்டில். தண்ணீர், அரிசி, காசு, நேரம், நம்பிக்கை எல்லாம் லிட்டில் பக்கம். வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, எண்ணலாமே என்று ஒரு பையன் மடக்கினான். ‘ரிங்கிட்’ என்றால் எண்ணலாம், ‘மனி’ என்றால் எண்ண முடியாது. ஆங்கிலம் பார்ப்பது சொல்லை, பையில் இருப்பதை அல்ல.

‘யாரும் வரவில்லை’ என்பதை ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதினேன். ஏன் சிவப்பு மை?

இந்தத் தவறு நம் தமிழ் மூளையிலிருந்து நேராக வருவது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தமிழில் ‘யாரும்’ என்று தொடங்கிவிட்டு, ‘வரவில்லை’ என்று முடிக்கிறோம். மறுப்பு கடைசியில் வருகிறது. ‘யாரும்’ என்பது அந்த ‘இல்லை’க்காகக் காத்திருக்கும் சொல். கேட்கிறவரும் பொறுமையாகக் காத்திருப்பார்.

ஆங்கிலம் காத்திருக்காது. ‘எனி’ என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே மறுப்பு வந்துவிட வேண்டும். ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’ சரி, ஏனென்றால் ‘நாட்’ முந்திக்கொண்டது. வாக்கியத்தின் முதல் சொல்லே ‘எனிபடி’ என்றால் மறுப்புக்கு இடம் எங்கே? அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ‘நோபடி’ ஆகிவிடுகிறது: ‘நோபடி கேம்.’ அப்படியே ‘எதுவும் மிச்சமில்லை’ என்றால் ‘நத்திங் இஸ் லெஃப்ட்’, ‘எந்தக் கடையிலும் அரிசி இல்லை’ என்றால் ‘நோ ஷாப் ஹேஸ் ரைஸ்’.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் நினைவில் தங்கும் என்றால் இது தங்கட்டும்: தமிழ் இல்லாமையை வாலில் வைக்கிறது, ஆங்கிலம் தலையில் வைக்கிறது. தான், கூட, ஆவது, இல்லை, பத்தாது, கூடாது எல்லாம் நமக்குப் பின்னால் வருபவை. நோ, ஃபியூ, ஹார்ட்லி, கேன்னாட், மஸ்ட் நாட் எல்லாம் அவர்களுக்கு வினைக்கும் பெயருக்கும் முன்னால் வருபவை. கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்து பழகிய நம் காது, ஆங்கிலத்தில் முதல் இரண்டு சொல்லைக் கோட்டை விட்டுவிடும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு வேர் இதுதான்.

‘ஆல் த ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் கம்’ தப்பா? இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது?

இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் அர்த்தம் ஆடுகிறது. தமிழிலும் ஆடும், நாம் கவனிப்பதில்லை. ‘எல்லாப் பிள்ளைகளும் வரவில்லை’ என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேசும்போது குரல் காப்பாற்றிவிடும். தாளில் குரல் கிடையாது. ஒருவரும் வரவில்லை என்றால் ‘நன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் கேம்’. சிலர் வரவில்லை என்றால் ‘நாட் ஆல் த ஸ்டூடன்ட்ஸ் கேம்’. ‘நாட்’டைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டால் சந்தேகமே வராது.

‘நிறையப் பேர் வரவில்லை’ இன்னும் வழுக்கும். ‘மெனி டிட் நாட் கம்’ வேறு, ‘நாட் மெனி கேம்’ வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு மறுநாள், ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் நூறு பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் என்பது நிறையத்தான், அதனால் ‘மெனி டிட் நாட் கம்’ உண்மை. ஆனால் தொள்ளாயிரம் பேர் வந்திருக்கிறார்கள், ஆகவே ‘நாட் மெனி கேம்’ பொய். அதே நாளில் இருபது பேர் உள்ள என் வகுப்புக்கு ஆறு பேர் வந்தார்கள் என்றால் இரண்டும் உண்மை. தமிழில் இந்த இரண்டாவதற்கு ‘அவ்வளவாக யாரும் வரவில்லை’ என்று அழகாக ஒரு வழி வைத்திருக்கிறோம். அதை மனத்தில் சொல்லிவிட்டு ‘நாட் மெனி’ எழுதுங்கள், சரியாக வரும்.

‘ஹார்ட்லி’ என்றால் கடுமையாக என்று அர்த்தமா?

இல்லை. கடுமையாக என்பதற்கும் ‘ஹார்ட்’தான். ‘ஐ வொர்க் ஹார்ட்’ என்றால் உழைப்பாளி, ‘ஐ ஹார்ட்லி வொர்க்’ என்றால் வேலையே செய்யாதவர். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை பாருங்கள்.

ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி, பேர்லி மூன்றும் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற கூட்டம். உள்ளேயே மறுப்பு இருப்பதால் இன்னொரு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘ஐ டோன்ட் ஹேவ் ஹார்ட்லி எனி மனி’ வேண்டாம், ‘ஐ ஹேவ் ஹார்ட்லி எனி மனி’ போதும். ‘எனி’ வந்திருப்பதைக் கவனித்தீர்களா? மறுப்பு முன்னால் நிற்பதால் அதற்கு வழி கிடைத்திருக்கிறது.

மூன்றுக்கும் நிறம் வேறு. ‘பேர்லி எனஃப்’ என்றால் மட்டுமட்டாகப் போதும், எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ‘ஹார்ட்லி எனஃப்’ என்றால் பத்தாது என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. ஒரே பானைச் சோற்றை ‘பேர்லி’ என்று சொல்லும் வீட்டுக்காரி விருந்தாளியை உட்காரச் சொல்லுவாள். ‘ஹார்ட்லி’ என்று சொல்லுகிறவள் இன்னொரு உலை வைக்கப் போவாள். ‘ஸ்கேர்ஸ்லி’ புத்தக நடை, பேச்சில் அபூர்வம்.

இவற்றில் எது மறுப்புச் சொல், எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லையா?’ என்று ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டிப் பாருங்கள். ‘எ ஃபியூ பீப்பிள் கேம், டிடன்ட் தே?’ ஆனால் ‘ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?’ முன்பக்கம் மறுப்பாக இருந்தால் வால் மறுக்காது. ‘ஹார்ட்லி’க்கும் ‘லிட்டில்’லுக்கும் இதே சோதனை வேலை செய்யும்.

‘மஸ்ட் நாட்’ என்றால் கட்டாயமில்லை என்றுதானே?

என் பெரியம்மா இதே கேள்வியைக் கேட்டார், ஒரு நாள் சம்பளத்தை இழந்த பிறகு. இரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் போனில் சொன்னார்களாம்: ‘யூ மஸ்ட் நாட் ஈட் ஆஃப்டர் டென்.’ இரவு பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. பெரியம்மா காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் போய் நின்றிருக்கிறார். இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: “மஸ்ட்னா கட்டாயம். நாட்னா இல்லை. கட்டாயம் இல்லைன்னுதானேம்மா சொன்னாங்க?”

அவருடைய கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ‘மஸ்ட் நாட்’டில் ‘நாட்’ எதோடு ஒட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது ‘மஸ்ட்’டை மறுப்பதில்லை, பின்னால் வரும் ‘ஈட்’டை மறுக்கிறது. சாப்பிடாமல் இருப்பது கட்டாயம். கட்டாயமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘நீட் நாட்’. ‘யூ மஸ்ட் பே’, ‘யூ ஹேவ் டு பே’ இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ‘நாட்’ சேர்ந்தவுடன் இரண்டும் இரண்டு ஊருக்குப் போய்விடும். ‘யூ மஸ்ட் நாட் பே’ என்றால் கொடுக்கக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு பே’ என்றால் கொடுக்கத் தேவையில்லை, கொடுத்தாலும் பாதகமில்லை.

நமக்குக் குழப்பம் வருவதற்கு ‘வேண்டாம்’ ஒரு காரணம். ‘காசு வேண்டாம்’ என்றால் தேவையில்லை. ‘அங்கே போக வேண்டாம்’ என்றால் தடை. ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதனால் ‘வேண்டாம்’ என்று வந்தால் நின்று யோசியுங்கள்: ‘கூடாது’ என்று மாற்றினால் பொருந்துகிறதா, ‘வேண்டியதில்லை’ என்று மாற்றினால் பொருந்துகிறதா? ‘கூடாது’ என்றால் மஸ்ட் நாட். ‘வேண்டியதில்லை’ என்றால் டோன்ட் ஹேவ் டு. மலாயில் யோசிக்கப் பழகிய பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம்: தாக் போலே என்றால் கூடாது, தாக் பாயா என்றால் தேவையில்லை. நம் ஊர்ப் பேச்சில் ‘நோ நீட் லா’ என்கிறோமே, அது தாக் பாயா பக்கம்தான்.

மருந்துச் சீட்டு, பரிசோதனைக் குறிப்பு, இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, இவற்றில் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகப் படிப்பது உடம்பைக் காப்பது. தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

‘நீடன்ட் ஹேவ்’ எப்போது வரும்?

செய்து முடித்துவிட்டு, அடடா தேவையே இருக்கவில்லையே என்று சொல்லும்போது. 2023 செப்டம்பர் வாக்கில் உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்காமல் போனது. அப்போது 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலையில் விற்ற அரிசி. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எல்லாரும் ஓடினோம். மூன்று மூட்டை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மூட்டையில் வண்டு வைத்த பிறகு சொல்ல வேண்டிய வாக்கியம் இது: ‘வீ நீடன்ட் ஹேவ் பாட் த்ரீ பேக்ஸ்.’ வாங்கியாயிற்று, வாங்கியிருக்கவே வேண்டாம்.

‘வீ டிடன்ட் நீட் டு பை த்ரீ பேக்ஸ்’ என்றால் வாங்கத் தேவையிருக்கவில்லை என்று மட்டும் தெரியும். பெரும்பாலும் வாங்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: வாங்காமல் விட்டுவிட்டு வருத்தப்பட்டால் ‘வீ ஷுட் ஹேவ் பாட் மோர்’. ‘ஷுட் ஹேவ்’ வந்தாலே அந்த வேலை நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

‘மே நாட்’ என்றால் கூடாதா, இருக்காதா?

இரண்டும் உண்டு. ‘யூ மே நாட் லீவ் த ஹால்’ என்று தேர்வு மண்டபத்தில் சொன்னால் வெளியே போகக் கூடாது. ‘த பஸ் மே நாட் கம்’ என்றால் பஸ் வராமல் போகலாம். உயிரில்லாத பொருளுக்கு யாரும் அனுமதி மறுக்க மாட்டார்கள், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

பத்துமா பத்தாதா என்று உறுதியாகத் தெரியாதபோது எப்படிச் சொல்வது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அன்னதானத்துக்குச் சமைக்கும் இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிசை நீண்டுகொண்டே போகிறது, அண்டாவில் சாம்பார் இறங்கிக்கொண்டே போகிறது. முதலில் ஒருவர், ‘தேர் மைட் நாட் பி எனஃப்’ என்பார். பத்தாமல் போனாலும் போகலாம். கொஞ்ச நேரம் கழித்து, ‘தேர் மே நாட் பி எனஃப்’. சந்தேகம் ஒரு படி ஏறியிருக்கிறது. கரண்டி அடியில் உரசும் சத்தம் கேட்டதும், ‘தேர் கான்ட் பி மச் லெஃப்ட்’. பார்க்காமலே சொல்கிறார், மிச்சம் அதிகம் இருக்க வாய்ப்பே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, ‘தேர் வோன்ட் பி எனஃப்’. பத்தவே பத்தாது.

‘கான்ட்’ வாக்கியத்தை விட்டால், கடைசியில் நிற்கும் ‘எனஃப்’ அப்படியே இருக்கிறது. முன்னால் நிற்கும் மைட், மே, வோன்ட்தான் மாறிக்கொண்டே வருகிறது. தமிழில் ‘பத்தாதோ’, ‘பத்தாது போலிருக்கே’, ‘பத்தாதுதான்’, ‘பத்தவே பத்தாது’ என்று வாலை மாற்றிக்கொண்டே போவோம். இந்தப் ‘பத்தாது’ கொச்சை என்று நினைத்து வகுப்பில் கூசுகிறார்கள். ‘பற்றாது’ என்ற பழைய சொல்தான் அது. பற்றாக்குறை என்று பத்திரிகையில் எழுதுகிறோமே, அதே பற்றாமை.

‘கட்டுப்படியாகாது’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

‘கான்ட் அஃபோர்ட்’. இந்த ‘அஃபோர்ட்’ தனியாக நடமாடாது, கேன், குட், ஏபிள் டு இவற்றில் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ‘ஐ டோன்ட் அஃபோர்ட்’ என்று எழுதாதீர்கள். பணத்துக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ‘வீ கான்ட் அஃபோர்ட் டு வேஸ்ட் வாட்டர்’ என்றால் தண்ணீரை வீணாக்கினால் நமக்குத் தாங்காது.

இதன் பக்கத்தில் வைக்க ஒன்று: ‘ஐ குட் டூ வித் எ கப் ஆஃப் டீ.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒன்றும் புரியாது. தமிழில் அச்சாக ஒரு வழக்கு இருக்கிறது: ‘ஒரு டீ இருந்தா தேவலை.’ இல்லை என்று முறையிடாமல், வேண்டும் என்று கேட்காமல், இரண்டையும் மெதுவாகச் சொல்லிவிடுகிறோம். ‘வீ குட் டூ வித் மோர் ஹேண்ட்ஸ்’ என்றால் இன்னும் நாலு கை இருந்தால் தேவலை. மேலதிகாரியிடம் ஆள் பத்தவில்லை என்று சொல்ல இதைவிடப் பணிவான வாக்கியம் எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

‘வான்ட்’ என்ற சொல்லிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு ‘இல்லாமல் இருத்தல்’ என்றுதான் பொருள். இல்லாததைத்தானே மனம் கேட்கும்? ஆசைப்படுதல் என்ற பொருள் பின்னால்தான் பரவியது. ‘ஃபார் வான்ட் ஆஃப் டைம்’ என்று பழைய கடிதங்களில் பார்த்தால் நேரமின்மையால் என்று படியுங்கள்.

‘வீ லேக் ஆஃப் மனி’ சரியா?

சரியில்லை. நம் நாட்டில் எல்லா இனத்தாரும் செய்யும் தவறு இது. வினையாக வந்தால் ‘ஆஃப்’ கிடையாது: ‘வீ லேக் மனி.’ பெயராக வந்தால் உண்டு: ‘எ லேக் ஆஃப் மனி.’ ‘ஷார்ட்’டுக்கு ‘வீ ஆர் ஷார்ட் ஆஃப் மனி’. தொகை சொல்வதென்றால் ‘ஐ ஆம் ஃபைவ் ரிங்கிட் ஷார்ட்’, அஞ்சு வெள்ளி குறைகிறது.

‘லெஸ்’ஸா, ‘ஃபியூவர்’ரா?

எண்ண முடிந்தால் ஃபியூவர், முடியாவிட்டால் லெஸ். தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆனால் யாராவது பேச்சில் ‘லெஸ் பீப்பிள்’ என்று சொன்னால் உடனே திருத்தப் பாயாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆல்ஃபிரட் அரசரின் எழுத்திலேயே எண்ணக்கூடிய சொற்களுக்கு ‘லெஸ்’ வந்திருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ‘ஃபியூவர்’ தன் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்தார். ஒருவரின் ரசனை பின்னாளில் சட்டமாகிவிட்டது. பணம், தூரம், நேரம் வந்தால் எண் இருந்தாலும் லெஸ்தான்: ‘லெஸ் தேன் டென் ரிங்கிட்.’

கடையில் ‘ரைஸ் நோ மோர் ஆல்ரெடி’ என்று சொல்கிறோமே, அது தப்பான ஆங்கிலமா?

கடையில் தப்பில்லை. கேட்ட சீன ஆன்ட்டிக்கும் மலாய் மக்சிக்கும் அடுத்த நொடியே புரிந்துவிடுகிறது, அவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். மலாயின் ‘சுடா ஹபிஸ்’, நம் ‘தீர்ந்துபோச்சு’ இரண்டும் உள்ளே இருக்கின்றன. இந்தப் பேச்சைப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் தேர்விலும் நேர்காணலிலும் வெளிநாட்டு அழைப்பிலும் வேறு உடுப்பு வேண்டும்: ‘தேர் இஸ் நோ ரைஸ் லெஃப்ட்’ அல்லது ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’. அந்த ‘லெஃப்ட்’தான் நம் ‘மிச்சம்’.

படிகள் உண்டு. ‘வீ ஆர் ரன்னிங் லோ ஆன் ஆயில்’ என்றால் குறைந்துகொண்டு வருகிறது. ‘ரன்னிங் அவுட்’ என்றால் தீரப்போகிறது. ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்தே போச்சு. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் கடைக்கு வந்த நாளிலிருந்து தீரும் நாள் வரை இந்த மூன்றும் வரிசையாகப் பயன்படும். ‘ஹியர் டோன்ட் ஹேவ்’ என்பதற்கு ‘வீ டோன்ட் ஹேவ் எனி’. யாரிடம் இல்லை என்று தலையில் ஒரு ஆளை நிறுத்திவிடுங்கள், அது போதும்.

கேட்டல் தேர்வில் ‘கேன்’, ‘கான்ட்’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது. என்ன செய்வது?

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் கேட்டல் தனித் தாளாக இருக்கிறது, அதனால் இந்தப் பயம் நியாயமானது. கடைசி ‘ட்’ ஒலியைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். அழுத்தத்தைக் கவனியுங்கள். ‘ஐ கேன் கம்’ என்பதில் ‘கேன்’ வெறும் ‘க்ன்’ என்று ஓடிவிடும், அழுத்தம் ‘கம்’ மேல் விழும். ‘ஐ கான்ட் கம்’ என்பதில் ‘கான்ட்’ நின்று, அழுந்தி ஒலிக்கும். அந்தச் சொல் தெளிவாகக் காதில் விழுந்தாலே மறுப்பு என்று சந்தேகப்படுங்கள். நீங்கள் பேசும்போது ‘கேன்னாட்’ என்று முழுசாகவே சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லை. எப்படிப் பழகுவது?

ஆள் தேவையில்லை, ஐஸ்பெட்டி போதும். இரவு படுக்கப் போகும் முன் கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, என்ன குறைகிறது என்று நாலு வாக்கியம் சொல்லுங்கள். ‘தேர் ஆர் எ ஃபியூ எக்ஸ்.’ ‘தேர் இஸ் ஹார்ட்லி எனி குழம்பு.’ குழம்பை மொழிபெயர்க்க வேண்டாம். ‘வீ டோன்ட் ஹேவ் டு பை டொமேட்டோஸ்.’ ‘வீ மஸ்ட் நாட் ஃபர்கெட் த தயிர்.’

பின்வரிசை அம்மா ஒருவர் இதைத் தன் ஏழு வயது மகளோடு விளையாட்டாகச் செய்கிறார். போன வாரம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். போத்தலில் விரல்கடை அளவு பால் இருந்திருக்கிறது. மகள் சந்தோஷமாக, ‘தேர் இஸ் எ லிட்டில் மில்க்’ என்றாளாம். அம்மாவுக்குக் காலையில் நாலு பேருக்கு டீ போட வேண்டும். ‘நோ, தேர் இஸ் லிட்டில் மில்க்’ என்று திருத்தியிருக்கிறார். மகள் விடவில்லை, தனக்கு மைலோவில் ஊற்ற அது போதும் என்றாளாம். யார் சொன்னது சரி டீச்சர் என்று கேட்டார். இரண்டு பேரும் சரிதான் என்றேன்.